கொழும்பின் தாமரைக் கோபுரம் ஏற ஆசை: கோச்சி (ரயில்), இரவு பஸ், வேன், எது கட்டுபடியாகும்?

கிழக்கில் அம்பாறைக் கரையோரத் திருக்கோவிலில் இருக்கும் என் மருமகள் முறைப் பெண் போன கிழமை தொலைபேசி எடுத்தாள். "மாமி, பிள்ளைகள் ரெண்டும் தாமரைக் கோபுரம் பார்க்கணுமெண்டு ஒரே அடம். மாமியாரும் வாறன் எண்டு நிக்கிறா. சுவிஸிலயிருந்து அண்ணனும் வந்திருக்கிறான். கோச்சியில போறதா, நைட் பஸ்ஸில போறதா, இல்லாட்டி ஒரு வேனைப் பிடிக்கிறதா? எது செலவு குறைவு?"

இதே கேள்வியைக் களுவாஞ்சிக்குடியில் பக்கத்து வீட்டாரும் கேட்டிருக்கிறார்கள், அக்கரைப்பற்றில் என்னோடு வேலை செய்கிறவர்களும் கேட்டிருக்கிறார்கள். நான் மூன்று முறை போயிருக்கிறேன். 2022 டிசம்பர் விடுமுறையில் பதினொரு பேராய் வேனில் போனோம். அடுத்த வருடம் ஓகஸ்டில் கணவர், பிள்ளைகளோடு இரவுக் கோச்சியில். 2025 பெப்ரவரியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஏசி பஸ்ஸில். மூன்றிலும் காசு வெவ்வேறு இடத்தில் கரைந்தது. ஆனால் ஒருமுறைகூடக் கோபுரத்தின் ரிக்கெற் எங்கள் பெரிய செலவாக இருக்கவில்லை. அதனால்தான் மருமகளுக்குச் சொன்னதை விரிவாக எழுதுகிறேன்.

## முதலில் எதை வைத்துத் தீர்மானிப்பது

"போக எவ்வளவு, வர எவ்வளவு" என்று மட்டும் கேட்டால் விடை பிழைக்கும். கிழக்கிலிருந்து கொழும்புக்குப் போவது ஓர் இரவுப் பயணம். மட்டக்களப்பிலிருந்து தரைவழியாக 300 கிலோமீற்றருக்கு மேல். அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் என்றால் அதைவிடக் கூட. இரவில் புறப்பட்டால் விடியப்புறம் போய்ச் சேருவோம். கோபுரத்தில் ஏற நல்ல நேரம் பின்னேரம். இடையில் பன்னிரண்டு மணித்தியாலம் கிடக்கிறது. குளிக்க, முகம் கழுவ, சாப்பிட, பையை வைக்க, கிழவி காலை நீட்ட, பிள்ளை தூங்க ஒரு இடம் வேண்டும். பட்ஜெட்டைத் தின்னுவது இந்தப் பன்னிரண்டு மணித்தியாலம்தான். எந்த வாகனத்தில் போவது என்ற கேள்வியே, இந்த நேரத்தை எப்படிக் கழிப்பது என்ற கேள்விதான்.

ஆகவே நான் பார்க்கும் விஷயங்கள் இவை. வீட்டுப் படியிலிருந்து வீட்டுப் படி வரை தலைக்கு என்ன செலவு? இரவில் உண்மையாய் நித்திரை கொள்ள முடியுமா? பகலில் தங்க ஓர் அறை எடுக்கவேண்டி வருமா? கூட்டத்தில் வயதானவரோ கைக்குழந்தையோ உண்டா? கடைசியாக, அதே இரவில் திரும்பி வர வழி இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு "ஓம்" என்றால் ஒரு நாள் அறை வாடகை மிச்சம்.

## கோபுரமும் அதன் ரிக்கெற்றும்

கொழும்பில் உயரமான கட்டடங்களுக்குப் பஞ்சமில்லை. 1997இல் திறந்த உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்கள் நாற்பது மாடி. பேரை வாவிக் கரையில் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்தாற்போல் நிற்கும் அல்டயர் 240 மீற்றர். ஆனால் ஒன்று அலுவலகம், மற்றது குடியிருப்பு. நாம் ரிக்கெற் எடுத்து ஏறிப் பார்க்கக் கூடியது தாமரைக் கோபுரம். உயரம் சுமார் 350 மீற்றர். 2012இல் வேலை தொடங்கி, 2019 செப்டெம்பரில் சம்பிரதாயமாகத் திறந்து வைத்தார்கள். பொதுமக்களை உள்ளே விட்டது 2022 செப்டெம்பர் 15இல். நாடு பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற வருடம் அது.

திறந்தபோது உள்நாட்டவருக்கு இரண்டு வகை ரிக்கெற் இருந்தது: 500 ரூபா, 2000 ரூபா. விலையைப் புறப்படுமுன் மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் வித்தியாசத்தின் தன்மையைத் தெரிந்து வையுங்கள். குறைந்த விலைக்காரர் வரிசையில் நின்று கூட்டமாக ஏறுவார்கள். கூடிய விலைக்காரர் வரிசையில் காத்திராமல் போய், நின்று நிதானமாகப் பார்ப்பார்கள். வார நாளில், பாடசாலை விடுமுறை இல்லாத காலத்தில், குறைந்த ரிக்கெற் தாராளமாய்ப் போதும். டிசம்பர் விடுமுறையில் ஞாயிற்றுக்கிழமை, கூட ஒரு வயதானவர் என்றால், அந்த ஒருவருக்கும் அவரோடு போகும் ஒருவருக்கும் கூடிய விலை ரிக்கெற் எடுப்பதில் எனக்கு மனக்குறை இல்லை. மிச்சப் பேர் வரிசையில் நிற்கலாம்.

மட்டக்களப்பு, அம்பாறைக் குடும்பங்களில் கட்டாயம் யோசிக்கவேண்டிய ஒன்று, வெளிநாட்டுக் கடவுச்சீட்டு. திறந்தபோதே வெளிநாட்டவருக்கு 20 அமெரிக்க டொலர் என்று வைத்தார்கள். சுவிஸிலிருந்தும் கனடாவிலிருந்தும் வரும் நம் பிள்ளைகள் தமிழில்தான் கதைப்பார்கள், திருக்கோவில் முருகனுக்குத்தான் நேர்த்தி வைப்பார்கள், ஆனால் கவுண்டரில் அட்டைதான் பேசும். இரட்டைக் குடியுரிமை உள்ளவர் தேசிய அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துப் போகட்டும். இல்லாதவர் ஒருவரின் ரிக்கெற், ஒரு முழுக் குடும்பத்தின் குறைந்த விலை ரிக்கெற்றைத் தாண்டிவிடும். வீட்டில் இருக்கும்போதே "யார் கொடுப்பது" என்று பேசி முடியுங்கள். கவுண்டருக்கு முன்னால் நின்று பேசினால் முகம் சுருங்கும்.

மேலே போனபின் செலவு இல்லை என்று நினைக்காதீர்கள். பிள்ளைகளுக்குக் கீழே விளையாட்டு, தீன், ஐஸ்கிறீம் எல்லாம் கண்ணில் படும். சுழலும் உணவகமும் உண்டு. அது கல்யாண நாள் கொண்டாடப் போகிறவர்களுக்கு. பட்ஜெட்டில் போகிறவர்கள் புறக்கோட்டையிலேயே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறுவது நல்லது.

## இரவுக் கோச்சி

மட்டக்களப்பு நிலையம் பாதையின் கடைசி நிலையம். 1928இலிருந்து கொழும்புக்குக் கோச்சி ஓடுகிறது. ஏறாவூர், வாழைச்சேனை, புனானை, வெலிக்கந்தை, மன்னம்பிட்டி, பொலன்னறுவை என்று போய்க் கல்ஓயாச் சந்தி, மாகோ வழியாகக் கொழும்புக் கோட்டை நிலையத்துக்குப் போகும். எட்டு, ஒன்பது மணித்தியாலம் ஆகும். பகலில் உதயதேவி என்ற கோச்சி, இரவில் மெயில் கோச்சி.

சும்மா கணக்குப் பார்த்தால் இதைவிட மலிவு இல்லை. மூன்றாம் வகுப்புக் கட்டணம் சாதாரண பஸ் கட்டணத்தைவிடக் குறைவு. அரச உத்தியோகத்தராக இருந்தால் வருடாந்த விடுமுறை வாரண்ட் (இலவசக் கோச்சிப் பயண அனுமதி) இருக்கிறது. குடும்பத்தோடு போகப் போக்குவரத்துச் செலவு கிட்டத்தட்ட இல்லாமலே போய்விடும். எத்தனையோ ஆசிரியர்கள் வாரண்டை எழுதாமலே வருடத்தை முடிக்கிறார்கள். இப்படியான பயணத்துக்குத்தான் அது.

இன்னொரு நன்மை நடைதூரம். கோட்டை நிலையத்திலிருந்து கோபுரத்துக்கு டி. ஆர். விஜேவர்தன மாவத்தை வழியாக ஏறத்தாழ இருபது நிமிட நடை. மருதானையில் இறங்கினாலும் நடக்கலாம். ஓட்டோக் காசு மிச்சம். நிலையத்தில் பொதி வைக்கும் அறையில் பைகளைக் கொடுத்துவிட்டுக் கைவீசி நடக்கலாம். கழிப்பறை இருக்கிறது. ஓடும் வண்டியிலும் இருக்கிறது. நீரிழிவுக்காரரோடும் சின்னப் பிள்ளையோடும் பயணம் செய்தவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

இனி மறைந்திருக்கும் செலவு. அம்பாறை மாவட்டத்துக்குள் கோச்சிப் பாதையே இல்லை. கல்முனையிலிருந்து மட்டக்களப்பு நிலையத்துக்கு 40 கிலோமீற்றர் வரும். அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் போகப் போகக் கூடும். போகும்போது பின்னேர பஸ் பிடித்துப் போய்விடலாம். திரும்பி வரும்போதும் விடியத்தான் இறங்குவோம், பஸ் ஓடத் தொடங்கியிருக்கும், அதனால் அது பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் அந்த இரண்டு பஸ்ஸையும் தலைக்குக் கணக்கில் சேர்க்கவேண்டும். பொத்துவில்காரர் சேர்த்துப் பார்த்தால் கோச்சியின் மலிவில் நல்ல பங்கு போய்விடும்.

இரண்டாவது, ஆசனம். பதிவு செய்யாமல் விடுமுறைக் காலத்தில் ஏறினால் மாகோ வரை நின்றுகொண்டே போக நேரும். நாங்கள் 2023இல் பதிந்துதான் போனோம். அப்படியும் என் சின்னவன் சாய முடியாமல் என் மடியில்தான் படுத்தான். கணவர் முழு இரவும் வாசலில் காற்று வாங்கினார். பதிவைப் பல நாட்களுக்கு முன்பே நிலையத்தில் செய்துகொள்ளுங்கள், அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

மூன்றாவது, நேரம். இந்தப் பாதை யானைக் காட்டுக்குள்ளால் போகிறது. 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் கோச்சி மோதி ஆறு யானைகள் செத்தன, பெட்டிகளும் தடம் புரண்டன. அந்தப் படத்தைப் பார்த்த பிறகு "ஏன் இவ்வளவு மெதுவாய்ப் போகிறது" என்று நான் கேட்பதில்லை. மெதுவாகவே போகட்டும். ஆனால் திட்டம் போடும்போது ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம் பிந்தும் என்று வைத்துப் போடுங்கள். மாரியில் வெள்ளம் வந்தால் பாதை சில நாட்களுக்கு நின்றும் போகும்.

## இரவு பஸ்

கல்முனை, அக்கரைப்பற்று, காத்தான்குடி, மட்டக்களப்பு எங்கிருந்தும் இரவானால் கொழும்பு பஸ் வெளிக்கிடும். சிலது பொலன்னறுவை, தம்புள்ளை வழியாக. சிலது அம்பாறை, மகியங்கனை, கண்டி வழியாக. மொனராகலை, இரத்தினபுரிப் பாதையால் போகிறதும் உண்டு. தொலைபேசியில் இருக்கை சொல்லி வைக்கலாம், வீட்டுக்குக் கிட்டவுள்ள சந்தியில் ஏறலாம். அம்பாறைக் கரையோரத்தாருக்கு இதுதான் இயல்பான வழி. மட்டக்களப்பு நிலையம்வரை போய்வரும் அலைச்சல் இல்லை.

ஏசி பஸ்ஸின் கட்டணம் சாதாரண பஸ்ஸைப்போல ஏறத்தாழ இரட்டிப்பு. சாதாரண பஸ்ஸில் காசு மிச்சம், ஆனால் இடையில் ஆள் ஏற்றி இறக்கி, பாட்டுப் போட்டு, காலை மடக்கி எட்டு மணித்தியாலம் இருக்கவேண்டும். இருபத்தைந்து வயதில் நான் அதில்தான் போனேன். இப்போது போகமாட்டேன். ஏன் என்றால் அந்தக் காசை மறுநாள் வேறு இடத்தில் கொடுக்கிறேன். இரவு நித்திரை இல்லாமல் போய் இறங்கினால் "ஒரு அறை எடுப்பம்" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். புறக்கோட்டைப் பக்கம் விடியச் சாமம் அறை கேட்டால் அரை நாளுக்கு முழு நாள் வாடகை கேட்பார்கள். வேறொருமுறை கொழும்புக்குப் போனபோது எங்களுக்கு நடந்தது அதுதான். ஏசி பஸ்ஸுக்கு நால்வருக்கு மேலதிகமாய்க் கொடுத்திருக்கவேண்டிய தொகையைவிட அந்த அறை கூட.

அம்மாவோடு போனபோது ஏசி பஸ்ஸில் முன்பக்க இருக்கை எடுத்தேன். அவ நித்திரை கொண்டா. ஆனால் குளிர்! போர்வை, காதுக்குத் தொப்பி, பிள்ளைகளுக்குச் சட்டைக்கு மேல் சட்டை, எல்லாம் கையில் வேண்டும். பஸ்ஸில் கழிப்பறை இல்லை. நடுச்சாமத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நிறுத்துவார்கள். அந்தக் கடையில் தேத்தண்ணிக்கும் ரோலுக்கும் ஊரில் கொடுப்பதைவிட நிறையக் கொடுக்க வேண்டும். இடியப்பமோ புட்டோ வீட்டிலிருந்து பார்சல் கட்டிப் போங்கள். ஆறு பேருக்கு அந்த ஒரு வேளையே ஒரு ரிக்கெற் காசு.

ஒருமுறை எங்களுக்குச் சொன்ன இருக்கையை இன்னொருவருக்கும் சொல்லியிருந்தார்கள். சண்டை பிடிக்காமல் தீர்ந்தது, என்றாலும் வயதான பெண்ணை அரை மணித்தியாலம் நிற்கவைத்தது மனதுக்குக் கஷ்டம். புறப்படும் அன்று மத்தியானம் மறுபடி எடுத்து இருக்கை இலக்கத்தை உறுதி செய்யுங்கள்.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. 2023 யூலையில் கதுறுவெலையிலிருந்து அக்கரைப்பற்றுக்கு வந்த பஸ் மன்னம்பிட்டிப் பக்கம் பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்தது. குறைந்தது 10 பேர் இறந்தார்கள். போனவர்கள் எங்கள் பக்கத்துச் சனங்கள். இரவு பஸ்ஸை வேண்டாம் என்று சொல்லவில்லை, நானே போகிறேன். ஆனால் சாரதி இரண்டு பேர் இருக்கிறார்களா, வண்டி கடகடவென்று பறக்கிற வண்டியா என்று போய்வந்தவர்களிடம் கேளுங்கள். அரை மணித்தியாலம் முந்திப் போகும் பஸ்ஸைவிட, ஒழுங்காய்ப் போகும் பஸ்ஸுக்கு இருக்கை சொல்லுங்கள்.

## வேன் ஹயர்

வேனில் போவதுதான் குடும்பத்துக்கு ஆசை. வாசலில் ஏறி வாசலில் இறங்கலாம், பிள்ளை வாந்தி எடுத்தால் நிறுத்தலாம், வழியில் தம்புள்ளையில் கும்பிடலாம். பதினொரு பேர் போன எங்கள் பயணத்தில் சிரிப்புக்குக் குறைவில்லை. கணக்கு வேறு விஷயம்.

போய்வர 650, நகரத்துக்குள் ஓட்டமும் சேர்த்தால் 700 கிலோமீற்றர் என்று வையுங்கள். லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடும் டீசல் வேன் என்றால் 70 லீற்றர். அன்றைய டீசல் விலையால் பெருக்கிப் பாருங்கள். அதற்கு மேல் வண்டி வாடகை, சாரதியின் பற்றா (படிக்காசு), அவருக்கு மூன்று நேரச் சாப்பாடு, மீரிகம-குருநாகல் அதிவேக வீதியால் போனால் அதற்குக் கட்டணம், கொழும்பில் வண்டி நிறுத்தும் காசு. சிலர் டீசலோடு சேர்த்து ஒரே தொகை சொல்வார்கள், சிலர் கிலோமீற்றருக்கு இவ்வளவு என்பார்கள். இரண்டாம் வகையில் நகரத்துக்குள் சுற்றும் ஒவ்வொரு சுற்றும் உங்கள் கணக்கில்தான் ஏறும்.

பெரிய மறைசெலவு சாரதியின் நித்திரை. இரவு ஓடி வந்தவர் பகலில் படுக்காமல் மறுபடி இரவு ஓடக்கூடாது. அதை யாராவது "பரவாயில்லை, அவர் பழக்கப்பட்டவர்" என்று சொன்னால் நான் அந்த வேனில் ஏறமாட்டேன். ஆக வேன் பயணம் என்றால் ஒரு இரவு கொழும்பில் தங்குவது என்றுதான் பொருள். சாரதிக்கும் சேர்த்து அறை. பதினொரு பேருக்கு மூன்று அறை எடுத்தோம். போக்குவரத்தில் மிச்சம் பிடித்ததாய் நினைத்தது அங்கே போய்விட்டது.

ஒரு எளிய கணக்குச் சொல்கிறேன். வேன்காரர் சொல்லும் முழுத் தொகையோடு பற்றா, சாரதி அறை எல்லாம் கூட்டுங்கள். அதை ஒருவர் ஏசி பஸ்ஸில் போய்வரும் கட்டணத்தால் வகுங்கள். வரும் எண்ணைவிட உங்கள் ஆட்கள் கூட என்றால் வேன் இலாபம், குறைவு என்றால் பஸ். மருமகளின் ஆறு பேருக்கு இப்படிக் கணக்குப் பார்த்தால் வேன் சரிவரவில்லை. பத்துப் பேருக்கு மேல், கொழும்பில் தங்க உறவினர் வீடும் இருக்கிறது என்றால் மட்டும் வேனை யோசியுங்கள். வெள்ளவத்தையில் பெரியம்மா வீடு இருக்கும் குடும்பத்துக்கு வேன்தான் சரி. அவர்களுக்கு இந்தக் கட்டுரையின் பாதிப் பிரச்சினை இல்லை.

## ஒரே பார்வையில்

| | இரவுக் கோச்சி | ஏசி இரவு பஸ் | வேன் |
|---|---|---|---|
| தலைக்குப் பயணச் செலவு | எல்லாவற்றிலும் குறைவு. வாரண்ட் இருந்தால் கிட்டத்தட்ட இல்லை | நடுத்தரம் | பத்துப் பேருக்கு மேல் என்றால் மட்டும் குறையும் |
| மறைந்த செலவு | அம்பாறைப் பக்கத்தார் மட்டக்களப்பு வந்து போகும் பஸ் | வழிக்கடைச் சாப்பாடு | சாரதியின் பற்றா, அறை, நிறுத்தக் காசு |
| நித்திரை | அரைகுறை | ஓரளவு நல்லது, குளிர் | பிள்ளைகளுக்கு நல்லது |
| கழிப்பறை | உண்டு | இல்லை, நிறுத்தும் இடத்தில்தான் | நினைத்த இடத்தில் நிறுத்தலாம் |
| அதே இரவில் திரும்புவது | முடியும் | முடியும் | சாரதிக்காகச் செய்யக்கூடாது |
| யாருக்கு | மட்டக்களப்பு, ஏறாவூர், வாழைச்சேனை. அரச உத்தியோகத்தர் | கல்முனையிலிருந்து பொத்துவில்வரை. வயதானவரோடு போவோர் | பெரிய குடும்பம், கொழும்பில் உறவு உள்ளோர் |

பகலில் உதயதேவியில் போவதையும் சிலர் கேட்பார்கள். காட்சிக்கு நல்லது, மின்னேரியாப் பக்கம் காடும் குளமும் பார்க்கலாம். ஆனால் அது ஒரு முழுப் பகலைத் தின்று, பின்னர் ஒரு இரவு அறையையும் கேட்கும். பட்ஜெட் பயணத்துக்குப் பொருந்தாது.

## விடியலிலிருந்து பின்னேரம் வரை

இந்த நேரத்தைச் செலவில்லாமல் கழித்தால் பயணம் முழுவதும் மலிவு. நிலையத்தில் முகம் கழுவி, பையை வைத்துவிட்டு, புறக்கோட்டையில் சோறோ பாணோ சாப்பிடுங்கள். வெயில் ஏறுமுன் செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்கள், இஸ்லாமியக் குடும்பம் என்றால் சிவப்பும் வெள்ளையுமாய் நிற்கும் ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசல். எல்லாம் நடைதூரம். பிறகு 1877இல் திறந்த தேசிய நூதனசாலை. உள்நாட்டவருக்குச் சின்னத் தொகைதான், நிழல், நீர், கழிப்பறை எல்லாம் உண்டு. அதற்குக் கிட்டவே விகாரமகாதேவிப் பூங்கா. பாய்க்குப் பதில் ஒரு சாரத்தை விரித்தால் கிழவியும் பிள்ளையும் ஒரு தூக்கம் போடலாம். ஓட்டோ வேண்டுமென்றால் மீற்றர் வண்டி அல்லது பிக்மீ, ஊபரில் பிடியுங்கள். பேரம் பேசி ஏறும் வண்டியைவிடப் பெரும்பாலும் அது மலிவு.

கோபுரத்துக்கு நாலரைக்குப் போய், ஐந்தரைக்குள் மேலே நிற்கப் பாருங்கள். ஏன் பின்னேரம் என்று இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், நாங்கள் கிழக்குக்காரர். எங்கள் கடலில் சூரியன் எழும்பும், கடலில் விழுந்து நாங்கள் பார்ப்பதில்லை. எங்களுக்கு அது வாவிக்குப் பின்னால், வயலுக்குப் பின்னால், மலைக்குப் பின்னால்தான் மறையும். 2023இல் பத்து மணிக்கே ஏறிவிட்டோம். வெயிலும் புகாருமாய் நகரம் சாம்பல் நிறத்தில் கிடந்தது, பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். அம்மாவோடு போனபோது சூரியன் காலிமுகத்திடலுக்கு அப்பால் இறங்கியது. கீழே பேரை வாவி செம்பு நிறமாகி, மருதானைத் தண்டவாளங்கள் கோடுகோடாய் மின்னி, கடலை நிரப்பிச் செய்த போர்ட் சிற்றி மண் திட்டு கறுத்து, பிறகு ஒவ்வொரு தெருவாய் விளக்கு எரிந்தது. எழுபத்திரண்டு வயதில் அம்மா "கடலுக்குள்ள விழுகுது பார் கா" என்று என் கையைப் பிடித்தா. ஒரே ரிக்கெற்றில் பகலும் இரவும் பார்க்கலாம் என்பதும் கணக்குத்தான்.

பருவமும் பார்க்கவேண்டும். எங்களுக்குக் கச்சான் காற்று அடித்து மண் காயும் மே, யூன் மாதங்களில் கொழும்புக்கு மழை. எங்களுக்கு மாரி கொட்டும் டிசம்பரில் அங்கே ஓரளவு வெளிப்பு, ஆனால் இங்கிருந்து வெளிக்கிடுவதே பாடு. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழை கோபுரத்தை மேகத்துக்குள் மூடிவிடும். சனவரிக் கடைசியிலிருந்து மார்ச்வரை இரண்டு பக்கமும் தெளிவு. பாடசாலை விடுமுறைக்கு இது பொருந்தாது என்பது உண்மை. நீண்ட வார இறுதி ஒன்று பெப்ரவரியில் கிடைத்தால் விடாதீர்கள். பெப்ரவரி 4 விடுமுறைதான், ஆனால் சுதந்திர தின விழாவுக்குக் கொழும்பில் வீதி மூடுவார்கள், அந்த ஒரு நாளைத் தவிருங்கள்.

## ஏறாமலே பார்க்கலாமா, வேறு உயரம் உண்டா

ரிக்கெற் வாங்கி ஆறு பேரும் ஏறவேண்டும் என்று கட்டாயமில்லை. தலைசுற்று உள்ளவர், முழங்கால் வலிக்காரர், டொலர் விலைக்கு மனமில்லாதவர் கீழே நிற்கலாம். காலிமுகத்திடலில் காற்று வாங்கி, வடை சாப்பிட்டு, அதே சூரியன் அதே கடலில் விழுவதைச் செலவில்லாமல் பார்க்கலாம். இருட்டியபின் கோபுரத்தின் நிறம் மாறும் விளக்கைப் பார்க்க மேலே நிற்பவருக்கு வாய்ப்பில்லை, கீழே நிற்பவருக்குத்தான்.

கொழும்புக்கே போக வசதியில்லாத வருடமும் வரும். அப்போது பிள்ளைக்கு வேண்டியது உயரமா, நகரமா என்று கேளுங்கள். உயரம் என்றால் அம்பாறை நகரத்துக்குக் கிட்ட புத்தங்கலப் பாறை இருக்கிறது. வயலும் காடும் குளமுமாய்க் கண்ணுக்கெட்டும் தூரம் தெரியும். யானை நடமாடும் இடம், வெயில் சாயுமுன் இறங்கிவிடவேண்டும். பணம் கொஞ்சம் இருந்தால் ஹபரணை தாண்டிச் சிகிரியா. உள்நாட்டவருக்கு ரிக்கெற் மலிவு, ஒரே நாளில் போய் வரலாம், ஆனால் படி ஏறக் கால் வேண்டும். மாமியார்மாருக்கு அது ஆகாது. கோபுரத்தில் லிப்ட் இருக்கிறது. வயதானவரை 200 மீற்றருக்கு மேல் கொண்டுபோய்க் கடலைக் காட்ட இந்த நாட்டில் வேறு இலேசான வழி எனக்குத் தெரியாது. நகரம்தான் வேண்டும் என்று பிள்ளை சொன்னால், ஒரு வருடம் சேர்த்து வைத்துக் கொழும்புக்கே போங்கள்.

## மருமகளுக்குச் சொன்னது

திருக்கோவிலிலிருந்து ஆறு பேர், ஒரு வயதானவர், இரண்டு பிள்ளைகள். மட்டக்களப்பில் வசித்திருந்தால், கணவருக்கு வாரண்டும் இருந்திருந்தால், கண்ணை மூடிக்கொண்டு கோச்சி என்றிருப்பேன். அவளுக்கு ஏசி பஸ், போகவும் வரவும், முன்பக்க இருக்கை. வெள்ளி இரவு வெளிக்கிட்டு ஞாயிறு விடிய வீட்டில் இறங்கலாம். அறை வேண்டாம். சாப்பாடு முதல் இரவுக்கு வீட்டிலிருந்து. பின்னேரம் ஏறுவது. மாமியாருக்கும் அவளுக்கும் கூடிய விலை ரிக்கெற், கணவனும் பிள்ளைகளும் வரிசையில்.

பெப்ரவரி மூன்றாம் கிழமைக்கு இருக்கை சொல்லிவிட்டாளாம். அண்ணன் காலிமுகத்திடலில் நிற்பதா, டொலர் கொடுத்து ஏறுவதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. "அவன்ட ரிக்கெற்றை நான் எடுக்கிறன் எண்டு சொன்னா கோவிக்கிறான் மாமி" என்றாள். எடுக்கச் சொன்னேன்.